புள்ளி இல்லாத அப்பலூசா குட்டியைப் பதிவு செய்யலாமா?

பெங்களூரு பானஸ்வாடியில் இருக்கும் ஓர் அம்மா கேட்ட கேள்விக்கு இந்தப் பதில். அவருடைய தங்கை அமெரிக்காவில் கொலராடோ பக்கம் இருக்கிறார், வீட்டோடு கொஞ்சம் நிலம், அதில் ஒரு பெண்குதிரை, அப்பலூசா என்கிற அமெரிக்கப் புள்ளிக் குதிரை இனம். அதன் இடுப்புக்கு மேல் வெள்ளைத் துண்டு விரித்தது போல இருக்கும், துண்டின் மேல் கரும்புள்ளிகள். அதை உடம்பெல்லாம் புள்ளி போட்ட ஒரு பொலிகுதிரையோடு சேர்த்தார்கள், ஏப்ரலில் குட்டி பிறந்தது, இப்போது ஐந்து மாதம். புள்ளி ஒன்றுகூடக் கிடையாது. கரும்பழுப்பு உடம்பு, கறுப்புப் பிடரி, நெற்றியில் கட்டைவிரல் அகலத்துக்கு ஒரு சுட்டி, அவ்வளவுதான். அக்கம்பக்கத்தில் ஒருவர் "அப்பன் வேறு குதிரையாக இருக்கும், இதற்குப் போய்ப் பதிவுப் பணம் கட்டாதே" என்று சொல்லிவிட, தங்கை மனசு விட்டுப் போயிருக்கிறார். இது அப்பலூசாதானா, பதிவு செய்ய விடுவார்களா, செய்து என்ன பயன் என்று கேட்கிறார்.

அப்பலூசாதான். பதிவு செய்ய விடுவார்கள். கட்டாயம் செய்யுங்கள். ஏன் என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன், ஏனென்றால் இந்த இடத்தில்தான் நிறைய பேர் நல்ல குட்டியைப் பேப்பர் இல்லாமல் விட்டுவிட்டு, பிறகு நாலு வருஷம் கழித்து வருத்தப்படுகிறார்கள்.

நான் துமகூரு சாலைப் பக்கம் பந்தயக் குதிரைப் பண்ணைகளில் இருபத்திரண்டு வருஷம் குட்டிகளுக்கு அடையாளக் குறிப்பு எழுதும் வேலை பார்த்தவன். எங்களுடையது தரோபிரெட், அதற்கு நிறம் ஒரு பொருட்டே இல்லை, அப்பலூசாவுக்கு நிறம் பெரிய விஷயம். ஆனால் நிறத்தைப் பார்த்து ஒரு குட்டியின் அப்பன் யார் என்று முடிவு கட்டக் கூடாது என்பது இரண்டுக்கும் ஒன்றுதான்.

முதலில் அந்த அப்பன் சந்தேகம். அப்பலூசாவின் புள்ளிக்கு அடிப்படையான மரபணு ஒன்றுதான், அதை அங்கே எல்பி என்பார்கள். டிஆர்பிஎம்1 என்கிற மரபணுவுக்குள் எப்போதோ ஒரு வைரஸ் துண்டு வந்து உட்கார்ந்துகொண்டதால் வந்த மாற்றம் அது. குதிரைக்கு ஒவ்வொரு மரபணுவும் இரண்டு பிரதி, தாயிடமிருந்து ஒன்று, தகப்பனிடமிருந்து ஒன்று. உங்கள் தங்கையின் குதிரை போல வெள்ளைத் துண்டின் மேல் நன்றாகப் புள்ளி தெரிகிற குதிரைக்கும், சிறுத்தை போல உடம்பெல்லாம் புள்ளி உள்ள குதிரைக்கும் பொதுவாக எல்பி ஒரு பிரதிதான் இருக்கும். இரண்டு பிரதியும் எல்பி ஆகிவிட்டால் புள்ளிகள் அநேகமாகக் காணாமல் போய் வெறும் வெள்ளையாகத் தெரியும். ஆக, இங்கே தாய்க்கும் ஒன்று, தகப்பனுக்கும் ஒன்று. இரண்டு பேரும் எல்பி இல்லாத பிரதியைக் கொடுக்கிற வாய்ப்பு நாலில் ஒன்று. இரண்டு நாணயத்தைச் சுண்டினால் இரண்டுமே பூ விழுகிற மாதிரி. இதில் அதிசயம் என்ன இருக்கிறது, சந்தேகப்பட என்ன இருக்கிறது? சுத்தமான புள்ளிக் குதிரைகள் இரண்டுக்குப் புள்ளியே இல்லாத குட்டி பிறப்பது அங்கே தினசரி நடப்பு.

இன்னொன்றும் உண்டு. குட்டிக்கு எல்பி இருந்தும் இன்னும் வெளியே தெரியாமல் இருக்கலாம். நம் காங்கேயம் கன்று பிறக்கும்போது செவலையாக இருந்து ஆறு மாதம் போனால் சாம்பலுக்கு மாறுகிறதே, அது போல. கன்றைப் பார்த்து "இது காங்கேயம் இல்லை" என்று கொங்கு நாட்டில் யாராவது சொல்வார்களா? வியன்னாவில் இருக்கும் லிப்பிசானர் குதிரைகளும் அப்படித்தான், பிறக்கும்போது கறுப்பாகவோ பழுப்பாகவோ இருந்து வருஷக்கணக்கில் வெளுக்கும். அப்பலூசாவிலும் சில குட்டிகள் கெட்டி நிறமாகப் பிறந்து, இரண்டு மூன்று வயதில் உடம்பு வெளுக்க ஆரம்பித்து, முகத்து எலும்பு, முழங்கால், இடுப்பெலும்பு ஆகிய இடங்களில் மட்டும் கருமை நிற்கும். வார்னிஷ் ரோன் என்று அதற்குப் பெயர். ஐந்து மாதக் குட்டியின் மேல்தோலை மட்டும் பார்த்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

அடுத்தது விதி. இந்த இனத்தைப் பதிவு செய்கிற சங்கமான அப்பலூசா ஹார்ஸ் கிளப் 1938இல் தொடங்கியது, அலுவலகம் ஐடஹோ மாநிலத்தில் மாஸ்கோ என்கிற ஊரில் இருக்கிறது (ரஷ்யாவில் அல்ல). நிறத்துக்கு அவர்கள் ஏன் இவ்வளவு முக்கியத்துவம் கொடுத்தார்கள் என்பது புரிந்தால் கோபம் வராது. இந்தக் குதிரைகளைப் பேர் சொல்லும்படி வளர்த்தவர்கள் நெஸ் பெர்ஸ் பழங்குடி மக்கள். 1877இல் அமெரிக்க ராணுவத்தோடு நடந்த போரில் தோற்ற பிறகு அவர்களுடைய குதிரைகள் பறிமுதலாகி, விற்கப்பட்டு, கொல்லப்பட்டு, கண்ட இடத்துக்கும் சிதறிப் போயின. அறுபது வருஷம் கழித்து மிச்சம் இருந்ததைத் திரட்ட வந்தவர்கள் கையில் வம்சாவளிப் பேப்பர் எதுவும் இல்லை. புள்ளியைப் பார்த்துத்தான் சேர்க்க முடிந்தது. அப்புறம் அராபியன், குவார்ட்டர் ஹார்ஸ், தரோபிரெட் ஆகிய வேறு இனங்களோடு சேர்ப்பதையும் அனுமதித்தார்கள், அதனால் எல்பி இல்லாத ரத்தம் நிறையவே உள்ளே வந்தது. புள்ளி இல்லாத குட்டிகள் பிறப்பதற்கு அதுவும் ஒரு காரணம்.

இப்போதைய முறையில், தாயும் தகப்பனும் தகுதியானவையாக இருந்தால், உடம்பில் தெளிவான புள்ளி வடிவம் உள்ள குட்டிக்கு முழுப் பதிவு. அது இல்லாவிட்டாலும் முழுப் பதிவுக்கு இன்னொரு வழி இருக்கிறது, இதைத்தான் உங்கள் தங்கைக்கு யாரும் சொல்லவில்லை என்று நினைக்கிறேன். தோலில் இளஞ்சிவப்பும் கருமையும் கலந்த பொரிப்பொரியான திட்டு இருந்து, கூடவே கண்ணில் கருவிழியைச் சுற்றி மனிதருக்கு இருப்பது போல வெள்விழி தெரிந்தாலோ, குளம்பில் மேலிருந்து கீழாகக் கறுப்பும் வெளிறலுமாகப் பட்டை ஓடினாலோ, முழுப் பதிவு கிடைக்கும், உடம்பில் ஒரு புள்ளியும் வேண்டாம். இதில் ஒரு நுணுக்கம் உண்டு: காலில் வெள்ளை இருந்தால் அந்தக் காலின் குளம்பில் வரும் பட்டையைக் கணக்கில் எடுக்க மாட்டார்கள், ஏனென்றால் வெள்ளைக்கால் உள்ள எந்தக் குதிரைக்கும் அப்படி வரும். முகமெல்லாம் அகலமாக வெள்ளை ஓடினால் வெள்விழிக்கும் அதே கதைதான். உங்கள் குட்டிக்குச் சின்னச் சுட்டி மட்டும்தான், அதனால் அந்தத் தடை இல்லை.

இது எதுவுமே இல்லாத குட்டிக்கும் கதவைச் சாத்துவதில்லை. பதிவு எண்ணுக்கு முன்னால் 'என்' என்ற எழுத்தைப் போட்டு, இனக்குறி இல்லாத குதிரை என்று தனிப் பிரிவில் பதிவார்கள். வம்சாவளி அப்படியே பேப்பரில் வரும். பிறகு வளர வளர அடையாளம் தெரிந்தால் புதுப் புகைப்படம் அனுப்பி முழுப் பதிவுக்கு மாற்றிக்கொள்ளலாம். 'என்' குதிரையை வளர்ப்புக்கு வைத்தால் ஜோடி முழுப் பதிவு பெற்ற அப்பலூசாவாக இருக்க வேண்டும், மரபணுச் சோதனையில் தாய் தகப்பன் உறுதியாகி இருக்க வேண்டும், போட்டிகளில் இறக்கவும் தனி அனுமதி உண்டு. கட்டணமும் சின்ன விதிகளும் அவ்வப்போது மாறும், அந்த வருஷத்து விதிப் புத்தகத்தைத் தங்கை ஒருமுறை பார்த்துக்கொள்ளட்டும். குட்டியின் வயது ஏறினால் கட்டணமும் ஏறும், அதனால் தள்ளிப் போட வேண்டாம்.

சரி, 'என்' என்று போட்ட பேப்பரால் என்ன பயன்? பயன் இருக்கிறது, அதுவும் நிறத்துக்கே இருக்கிறது. புள்ளியை எழுப்புவது எல்பி, ஆனால் அந்தப் புள்ளி உடம்பில் எவ்வளவு தூரம் பரவும் என்பதைத் தீர்மானிப்பதில் பேட்டன்-1 என்று இன்னொரு மரபணு இருக்கிறது. எல்பி இல்லாத குதிரையில் பேட்டன்-1 இருந்தால் வெளியே ஒன்றுமே தெரியாது, சும்மா தூங்கிக்கொண்டிருக்கும். உங்கள் குட்டியின் தகப்பன் உடம்பெல்லாம் புள்ளி போட்டவன், அதாவது பேட்டன்-1 அவனிடம் அநேகமாக இருக்கிறது, பாதி வாய்ப்பில் அது குட்டிக்கும் வந்திருக்கும். நாளைக்கு இந்தக் கரும்பழுப்புக் குட்டியை, முதுகில் ஏதோ நாலு வெள்ளை மயிர் மட்டும் தெரிகிற ஓர் எல்பி குதிரையோடு சேர்த்தால், இரண்டும் கூடி அசல் சிறுத்தைப் புள்ளியோடு ஒரு பேரக்குட்டி பிறக்கலாம். அன்றைக்கு அந்தப் பேரக்குட்டியின் பாட்டன் யார் என்று காட்ட இந்தப் பேப்பர் வேண்டும். இன்றைக்குப் பதியாமல் விட்டால் அந்தக் கிளை அதோடு அறுந்தது.

கண் விஷயத்தையும் சொல்லியாக வேண்டும். எல்பி இரண்டு பிரதி உள்ள குதிரைகளுக்குப் பிறவியிலேயே இரவுப் பார்வை கிடையாது, மங்கல் வெளிச்சத்தில் தடுமாறும். கண்ணுக்குள் திரும்பத் திரும்ப வீக்கம் வந்து பார்வையைத் தின்கிற நோயும் எல்பி உள்ள குதிரைகளுக்கே அதிகம், இரண்டு பிரதி இருந்தால் இன்னும் அதிகம். எல்பி இல்லாத குட்டிக்கு அந்த இரவுக்குருடு வராது. வருஷக்கணக்கில் சவாரிக்கு வைத்திருக்கப் போகிற குதிரைக்கு இது சின்ன விஷயமா?

இதே கேள்வியைப் பெயிண்ட் குதிரை (உடம்பில் வெள்ளைத் திட்டுகள் உள்ள இன்னோர் அமெரிக்க இனம்) வைத்திருக்கிற யாராவது கேட்டால் என் பதில் இன்னும் அழுத்தமாக இருக்கும், அதனால் அதையும் எழுதிவிடுகிறேன். அமெரிக்கன் பெயிண்ட் ஹார்ஸ் சங்கம் டெக்சாஸில் ஃபோர்ட் வொர்த்தில் இருக்கிறது. அவர்களுடைய முழுப் பதிவேட்டில் சேர, உடம்பில் அவர்கள் வரையறுத்த இடத்துக்குள் குறைந்தது இரண்டு அங்குலம் வெள்ளை மயிர் இருக்க வேண்டும், அதற்குக் கீழே தோலும் நிறமற்று இருக்க வேண்டும். அது இல்லாத குட்டிக்கு சாலிட் பெயிண்ட்-பிரெட் என்று வேறு பிரிவு. பலர் "கெட்டி நிறம்தானே, வெள்ளையே இல்லையே" என்று சோதனை எதுவும் செய்யாமல் விட்டுவிடுவார்கள். ஆபத்து அங்கேதான் இருக்கிறது. ஃப்ரேம் ஓவரோ என்கிற வெள்ளை வடிவத்தின் மரபணு, வெளியே அநேகமாக ஒன்றும் தெரியாமலே ஒரு குதிரைக்குள் இருக்கலாம், முகத்தில் கொஞ்சம் வெள்ளை, அவ்வளவுதான் இருக்கும். அது ஒரு பிரதி இருந்தால் குதிரைக்கு ஒரு கெடுதலும் இல்லை. இரண்டு பிரதி சேர்ந்த குட்டி முழு வெள்ளையாகப் பிறக்கும், எழுந்து நிற்கும், பால் கூடக் குடிக்கும், ஆனால் குடலை இயக்கும் நரம்புகள் இல்லாததால் சாணம் இறங்காது, வயிற்று வலியில் புரண்டு ஓரிரு நாளுக்குள் செத்துப் போகும். வைத்தியம் கிடையாது. ஃப்ரேம் உள்ள இரண்டைச் சேர்த்தால் நாலில் ஒரு குட்டிக்கு இந்தக் கதி. ஒரு மரபணுச் சோதனை செய்திருந்தால் அந்த ஜோடியையே சேர்த்திருக்க மாட்டார்கள். நிறம் இல்லாத குதிரைக்குத்தான் பேப்பரும் சோதனையும் அதிகம் தேவை என்று நான் சொல்வது இதனால்தான்.

குவார்ட்டர் ஹார்ஸ் காரர்களுக்குத் தலைகீழ்ப் பிரச்சினை இருந்தது. கெட்டி நிறமான தாய் தகப்பனுக்கு அளவுக்கு மீறி வெள்ளையோடு பிறந்த குட்டியைப் பல காலம் பதிய மறுத்தார்கள், 2004இல் அந்த விதியை எடுத்துவிட்டார்கள், இப்போது மரபணுவில் தாய் தகப்பன் உறுதியானால் போதும். வெளியே தள்ளப்பட்ட அந்த வெள்ளைக் குட்டிகளுக்காகத்தான் பெயிண்ட் சங்கமே 1960களில் உருவானது.

நிறத்தை நம்பி அப்பனைச் சந்தேகிப்பவர்களுக்கு நான் எப்போதும் சொல்கிற உதாரணம் ஜப்பானில் இருக்கிறது. 1996இல் சண்டே சைலன்ஸ் என்கிற கருமையான பொலிகுதிரைக்கு ஒரு பெண்குட்டி பிறந்தது, முழு வெள்ளை. ஷிராயுகிஹிமே என்று பெயர் வைத்தார்கள். தாய் தகப்பன் யாரும் வெள்ளை இல்லை, குட்டியில் புதிதாக வந்த மரபணு மாற்றம் அது. "இது எங்கள் குதிரைக்குப் பிறந்ததே இல்லை" என்று ஒதுக்கியிருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். பதிந்தார்கள், வளர்த்தார்கள், அதன் பேத்தி சோடாஷி 2021இல் ஓகா ஷோ பந்தயத்தை ஜெயித்தது, பனி மாதிரி வெள்ளைக் குதிரை.

இனி என் அனுபவத்தில் ஒன்று. நம் ஊரில் தரோபிரெட் குட்டிகளைப் புனேயில் இருக்கும் ஸ்டட் புக் அதாரிட்டி ஆஃப் இந்தியா பதிகிறது. அதற்கு ஒரு படிவம் உண்டு, குதிரையின் உருவம் கோடாக வரைந்திருக்கும், இரண்டு பக்கமும், முகமும், கால்களும். வெள்ளை எங்கே இருக்கிறதோ அங்கே சிவப்பு மையில், சுழி எங்கே இருக்கிறதோ அங்கே கறுப்பு மையில் ஒரு பெருக்கல் குறி. நெற்றிச்சுட்டியும் வெள்ளைக்காலும் உள்ள குட்டி என்றால் பத்து நிமிஷ வேலை. உடம்பில் ஒரு வெள்ளை மயிர் இல்லாத கரும்பழுப்புக் குட்டி வந்தால்தான் உட்கார வேண்டும். காலை ஆறரைக்குப் பனி விலகாத நேரத்தில் லாயத்துக்கு வெளியே கூட்டி வந்து, குதிரையைப் பார்த்துக்கொள்கிற சைஸ் ஒரு கையைக் கழுத்துக்குக் கீழேயும் இன்னொரு கையை வால் அடியிலும் கொடுத்து அணைத்து நிற்பார், நான் ஈரக்கையால் நெற்றியைத் தடவி மயிர் எந்தப் பக்கம் திரும்புகிறது என்று பார்ப்பேன். கண்ணுக்கு நேரே மேலே ஒரு சுழி, பிடரி ஓரத்தில் ஒன்று, தொண்டையில் ஒன்று, சில குட்டிக்கு விலாப்புறம் இறகு மாதிரி நீளமாக ஓடும். நம் பெரியவர்கள் மாடு வாங்கும்போதும் குதிரை வாங்கும்போதும் சுழி பார்ப்பார்களே, அதில் அதிர்ஷ்டம் இருக்கிறதோ இல்லையோ, அடையாளம் இருக்கிறது. வெள்ளை இல்லாத குட்டிக்கு அதுதான் கையெழுத்து.

ஒரு பண்ணையில், பெயர் வேண்டாம், ஒரே வாரத்தில் பிறந்த இரண்டு குட்டிகள், இரண்டும் வெள்ளையே இல்லாத கரும்பழுப்பு. தாயிடமிருந்து பிரிக்கும் வரைக்கும் யாரும் சுழி எழுதவில்லை, தாயோடு நிற்கிறதே, அப்புறம் எழுதிக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். பிரித்த பிறகு எது எதனுடையது என்று தெரியவில்லை, ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். ரத்த மாதிரி அனுப்பிப் பார்த்தபோதுதான் எழுதி வைத்தது மாறிப் போயிருக்கிறது என்று தெரிந்தது. அந்த ஆறு வாரம் அங்கே யாரும் சரியாகத் தூங்கவில்லை. அதிலிருந்து வெள்ளை இல்லாத குட்டி என்றால் பிறந்த வாரமே படம் எழுதி, கழுத்தின் இடதுபக்கம் மைக்ரோசிப் போடும்படி எல்லா இடத்திலும் சண்டை பிடித்தே வாங்கினேன்.

உங்களுக்கு இங்கே மார்வாரிக் குதிரை வாங்கும் எண்ணம் இருந்தால் ஒரு வார்த்தை. நாலு காலும் முகமும் வெள்ளையாக இருக்கிற பஞ்சகல்யாணிக்குத்தான் ராஜஸ்தானில் மதிப்பு, முழுக் கறுப்பை அபசகுனம் என்று தள்ளுகிறவர்கள் இருக்கிறார்கள். அதெல்லாம் சந்தை விலையோடு சரி. கறுப்பாக இருப்பதால் மார்வாரி மார்வாரி இல்லாமல் போகாது, உள்பக்கம் வளைந்து நுனி தொடுகிற அந்தக் காதைப் பாருங்கள், தாய் தகப்பன் பேப்பரைப் பாருங்கள்.

இப்போது தங்கை செய்ய வேண்டியது. நீங்கள் அனுப்பிய நாலு புகைப்படத்தையும் பெரிதாக்கிப் பார்த்தேன் அம்மா. மூன்றாவது படத்தில் குட்டியின் வலது பின்னங்கால் குளம்பில், சேறு காய்ந்து உதிர்ந்த இடத்தில், மேலிருந்து கீழாக இரண்டு வெளிர்க் கோடு தெரிகிறது. அந்தக் காலில் வெள்ளை இல்லை. சேற்றுக் கறையாகவும் இருக்கலாம், ஆனால் கோடு நேராக ஓடுகிற விதம் எனக்குக் கறை மாதிரிப் படவில்லை. நாலு குளம்பையும் தண்ணீர் விட்டுத் தேய்த்துக் கழுவி, ஈரமாக இருக்கும்போதே வெயிலில் நிறுத்திக் கிட்டத்தில் படம் எடுக்கச் சொல்லுங்கள். மூக்குத் துவாரத்தைச் சுற்றி, உதட்டு ஓரம், வாலைத் தூக்கினால் தெரியும் இடம், தொடைக்கு நடுவில், இந்த நாலு இடத்திலும் தோலைப் பார்க்கட்டும், மயிரை அல்ல. கருந்தோலில் அங்கங்கே இளஞ்சிவப்புப் பொரி விழ ஆரம்பித்திருந்தால் அது எல்பி. கண்ணை நேராக முன்பக்கமிருந்து ஒரு படம், தலையைத் திருப்பாமல்.

அதோடு மரபணுச் சோதனைக்கு மயிர் அனுப்பட்டும். கலிபோர்னியாவில் டேவிஸ் பல்கலைக்கழகத்தின் கால்நடை மரபணு ஆய்வகத்தில் எல்பி, பேட்டன்-1 இரண்டும் பார்க்கிறார்கள். கத்திரிக்கோலால் வெட்டி அனுப்பினால் பிரயோஜனம் இல்லை, வேரோடு பிடுங்க வேண்டும், மரபணு வேர்க்குமிழில்தான் இருக்கிறது. குட்டியின் பிடரி மயிர் பஞ்சு மாதிரி இருந்து வேர் வராமல் அறுந்தால் வாலிலிருந்து எடுக்கலாம், இருபது முப்பது இழை, கழுவாமல், காய்ந்ததாக, ஒரு காகித உறையில். எல்பி இருக்கிறது என்று வந்தால் இப்போதைக்கு 'என்' பிரிவில் பதிந்து வைத்து, அடையாளம் வெளியே வந்ததும் முழுப் பதிவு கேட்கலாம், இல்லை என்று வந்தாலும் 'என்' பிரிவில் உடனே பதிந்துவிடலாம். தாய் தகப்பன் சோதனைக்கும் மயிர் தேவைப்படும், அதைப் பதிவுச் சங்கம் சொல்கிற உறையில் தனியாக அனுப்பட்டும், அந்த முடிவு கையில் வந்தால் பக்கத்துப் பண்ணைக்காரருக்கும் பதில் சொன்னதாகிவிடும்.

குளம்பு கழுவிய படம் வந்ததும் எனக்கு அனுப்புங்கள், ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்து பார்த்துச் சொல்கிறேன்.